சொந்த வீட்டில் குடியிருக்க ஒரு சட்டம்

எனக்குப் பதற்றம் வந்தால் பல் தேய்ப்பேன். ஏற்கெனவே தேய்த்திருந்தாலும் இன்னொரு தடவை தேய்ப்பேன். என் வாயோரத்து நுரையைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவாள் என் மனைவி. அன்றைக்குக் காலை டிபனுக்குப் பிறகு பிரஷ்ஷோடு முற்றத்தில் நின்றதைப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன வந்துச்சு?" என்றாள்.

துப்பிவிட்டுச் சொன்னேன். "சட்டம்."

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கிழக்குச் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. கம்பெனி வேலை என்னை விட்டுவிட்டுப் போன பிறகு, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ரூம் விட்டுத்தான் பிழைப்பு ஓடுகிறது. கல்லாப்பெட்டி, போர்டு எல்லாம் கிடையாது. போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷம் வருவார்கள், வரும்போது மச்சினனையும் கூட்டி வருவார்கள். அவ்வளவுதான் எங்கள் விளம்பரம்.

அந்தப் பிழைப்புக்கு இப்போது மாநில அரசு விதி கொண்டுவந்திருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தது எதிர் வீட்டு மாமா. ரிடையர் ஆனவர். அவரும் மாடியை யாத்ரீகர்களுக்கு விடுகிறவர்தான்.

"ஓய், இனிமே பதிவு பண்ணாம ஆத்துல யாரையும் தங்க வெக்கப்படாதாம். ஹோம்ஸ்டேன்னு லைசென்ஸ் வாங்கணுமாம். எல்லாம் பகவத் சங்கல்பம்."

"அது அரசாங்க சங்கல்பம் மாமா."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு இடத்துலயும் மனுவைப் போட்டுட்டுக் காத்துண்டிருக்கணும்."

அவருக்கென்ன, பென்ஷன் வருகிறது, தத்துவம் பேசலாம். எனக்கு வைகுண்ட ஏகாதசி வருகிறது. அந்த இருபது சொச்சம் நாள் கூட்டம்தான் எங்கள் வருஷத்தை இழுத்துக்கொண்டு போகிற மாடு. அதற்குள் பதிவு கையில் இல்லையென்றால் வருகிறவர்களை வாசலிலேயே வணங்கி அனுப்ப வேண்டியதுதான். அப்புறம் அவர்கள் வேறு வீடு பழகிவிடுவார்கள். பழகியவர்கள் திரும்ப மாட்டார்கள்.

மனு போட்டேன். ஒரு நாள் போன். "இன்ஸ்பெக்ஷனுக்கு நாளைக்கு வர்றோம் சார்."

விதிகளை செல்போனில் திறந்து படித்தேன். சுத்தம், காற்றோட்டம், தீயணைக்கும் கருவி என்று போய்க்கொண்டே இருந்தது. 'உரிமையாளர் தமது குடும்பத்துடன் அதே வீட்டில் வசிக்க வேண்டும்' என்ற வரியும் வந்தது. அட, இதுகூடவா சொல்ல வேண்டும் என்று தாண்டிப் போனேன். சுத்தம் என்ற சொல்லிலேயே மனசு வழுக்கி விழுந்து கிடந்தது.

ஏகாதசி சீசனில் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டை ஒதுக்குவது. குடும்பத்தின் துணிமணி, தட்டுமுட்டு, படுக்கை எல்லாவற்றையும் சுருட்டி அடுக்களைக்குள் திணித்துவிட்டு, காலியான அறைகளை வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். என் மனைவி அடுக்களையில் கிரைண்டருக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் படுப்பாள். நான் மாடிப்படிக்கு அடியில். சொர்க்கவாசல் திறந்து மூடுகிறவரை எங்களுக்கு அதுதான் வைகுண்டம்.

விருந்தாளி என்றால் ஒதுக்க வேண்டும். ஆபீசர் என்றால்? பெரிய விருந்தாளி. பெரிதாக ஒதுக்க வேண்டும். என் மூளை இப்படித்தான் ஓடியது. ஓடியது என்று சொல்வதே அதிகம்.

குட்டியானை லோடு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். பீரோ, தையல் மெஷின், துணிமணி, எவர்சில்வர் பாத்திரம், சாமி படத்தைத் தவிர சுவரில் தொங்கிய அத்தனையும் ஏற்றினேன். தீ விபத்து பற்றி விதியில் இருந்ததே என்று கேஸ் சிலிண்டரையும் ஏற்றினேன். எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு.

"ஆபீசர் வர்றது வீட்டைப் பார்க்கவா, மைதானத்தைப் பார்க்கவா?" என்றாள் மனைவி.

"நீ பேசாம இரு. நமக்கு அனுபவம் இருக்கு."

"அனுபவம்தான் வண்டியில போகுதே." கிரைண்டர் ஏறுவதைப் பார்த்துவிட்டு அவளும் செருப்பை மாட்டினாள். "என் கிரைண்டரை உங்க தங்கச்சி கையில தனியா விடமாட்டேன். நானும் போறேன். நாளைக்கு முடிஞ்சதும் கூப்பிடுங்க."

காலி வீட்டைப் பார்க்க எனக்கே மரியாதை வந்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ரூம் நம்பர் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் பூ, பேப்பர் கப், மேஜையில் வைத்துத் தட்டுகிற மணி ஒன்று வாங்கி வந்தேன். மணியை ஹாலில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். யாரும் வரவில்லை. வீட்டில் நான் ஒருவன்தானே.

மறுநாள் ஆபீசர் அம்மா ஸ்கூட்டியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே களைப்புத் தெரிந்தது. காலையிலிருந்து எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினாரோ, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

பேப்பர் கப்பில் கொண்டுவந்தேன். அதை ஒரு பார்வை பார்த்தார்.

"வீட்டுல டம்ளர் இல்லையா?"

"கே.கே. நகர்ல இருக்கு மேடம்."

"நீங்க கே.கே. நகர்லயா குடியிருக்கீங்க?"

"ஐயோ இல்ல மேடம். டம்ளர் மட்டும்."

"மிஸஸ் எங்க?"

"அவங்களும் கே.கே. நகர்லதான்."

அவர் பேனாவை மூடினார். நான் நிலைமையைச் சரிக்கட்ட நினைத்து, "கிரைண்டருக்குத் துணையா போயிருக்காங்க" என்றேன். சரிக்கட்டுவதில் எனக்கு இருக்கும் திறமை அது.

எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். கொடியில் துணி இல்லை. அலமாரியில் மாத்திரை டப்பாகூட இல்லை. ஒவ்வொரு கதவிலும் பளபளவென்று ஒரு நம்பர். ஹால் மேஜையில் மணி. அதை ஒரு விரலால் தட்டினார். நான் "எஸ் மேடம்" என்று ஓடி நின்றேன். அத்தோடு என் கதை முடிந்தது.

"சார், இது லாட்ஜ்."

"வீடு மேடம்! நான் வருஷக்கணக்கா இங்கதான் இருக்கேன். ரேஷன் கார்டு காட்டறேன், ஆதார் காட்டறேன்..."

"அட்ரஸ் எல்லாரும்தான் காட்டறாங்க. அடுப்பைக் காட்டுங்க."

காட்டினேன். துடைத்து வைத்த அடுப்பு. டியூப் மட்டும் தொங்கியது, சிலிண்டர் இல்லாமல்.

"வேற எங்கயோ குடியிருந்துட்டு, கோயில் பக்கத்து வீட்டை முழுசா வாடகைக்கு விடறதுக்கு இந்த லைசென்ஸ் இல்ல சார். குடும்பம் இருக்கிற வீட்டுல வர்றவங்களும் தங்கறதுக்குத்தான் இது. திரும்பத் திரும்ப இதையேதான் எல்லா வீட்லயும் சொல்றேன்." குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு மாமா வாசலுக்கு வந்தார். "மேடம், இவர் இங்கேதான் இருக்கார். தினம் ரெண்டு தடவை பல் தேய்க்கறதை அடியேனே பாக்கறேன். கவலைன்னா மூணு தடவை."

ஆபீசர் அம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை வர்றேன். சொல்லாம வருவேன்" என்று ஹெல்மெட்டை மாட்டினார்.

திரும்பவும் குட்டியானை. கே.கே. நகரில் தங்கை முகம் விழுந்துவிட்டது. "என்ன அண்ணே, பீரோவுல என் புடவையை எல்லாம் அடுக்கிட்டேனே. நிரந்தரமா குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"உங்க அண்ணன் விட்டா என்னையும் நிரந்தரமா குடுத்திருப்பாரு" என்றாள் மனைவி.

காவேரிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, அதுவும் அலுத்துப் போன மாதிரி, போய்க்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது ஜோக் அடிப்பேன். அன்றைக்கு மனசுக்குள் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று நிரூபிக்க சொந்த வீட்டில் குடியிருந்தது போதவில்லையே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மடியில் கிரைண்டரின் மூடியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பதற்றம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. குடும்பம் இருக்கிற வீடாகத் தெரிய வேண்டுமே. காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் கொடியில் போட்டேன். படித்த பேப்பரை ஹாலில் பரப்பினேன். நடுவழியில் என் செருப்பைத் தலைகீழாகப் போட்டதில் அவளே தடுக்கி விழப் பார்த்தாள்.

"நடிக்காதீங்க" என்றாள். "இருக்கிற மாதிரி இருங்க."

இருக்கிற மாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் பிரஷ்ஷைத் தேடினேன். கேஸுக்கு ஆகிற செலவு பேஸ்ட்டுக்கும் ஆனது.

கடைசியில் அவர் வந்தபோது நான் முற்றத்தில் லுங்கியோடு, வாய் நிறைய நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில் கதவெல்லாம் பசை. ஆபீசர் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "ம், இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார். என் மனைவி மாவுக் கையைக் கழுவிவிட்டு டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் லேசாகச் சிரித்தார்.

குடித்து முடித்துவிட்டுச் சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார். "இதுல நீங்க எந்த ரூம்ல படுக்கறீங்கம்மா?"

"சாதா நாள்ல முன் ரூம். சீசன்ல அடுக்களை" என்றாள் அவள். "நான் கிரைண்டர் பக்கத்துல. இவரு மாடிப்படிக்கு அடியில."

குறை சொல்கிற குரல் இல்லை. மாவு எவ்வளவு நேரம் ஆட்டுவீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஆபீசர் அம்மா அடுக்களைக்குள் தலையை நீட்டி, கிரைண்டருக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம். புரண்டால் டப்பா இடிக்கும். 

"அது கூடாதும்மா. குடும்பத்துக்குன்னு ஒரு ரூம் வருஷம் பூரா இருக்கணும். அதை யாருக்கும் விடக் கூடாது. எந்த ரூம்னு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

பின்பக்கம் ஒரு இருட்டு அறை இருக்கிறது. பழைய சைக்கிள் வைக்கிற அறை. அதைச் சொல் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முன் அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னலைத் திறந்தால் வெள்ளைக் கோபுரத்தின் தலை தெரிகிற அறை. ஏகாதசிக்கு முதலில் போகிற அறை. கரூர்க்காரர் ஒருவர், போன சீசன் முடிந்து பையைத் தூக்கும்போதே அடுத்த சீசனுக்குச் சொல்லிவிட்டுப் போன அறை.

"இதுதான் மேடம்" என்றாள்.

எனக்கு உயிர் போனது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். நுரைதான் வந்தது. கையை ஆட்டினேன். ஆபீசர் அம்மா அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார். ஓடிப்போய்க் குழாயடியில் துப்பி, கொப்பளித்துத் திரும்புவதற்குள் எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். பல் சுத்தமாக இருந்தது. வேறொன்றும் கையில் இல்லை.

அவர் போன பிறகு, "பின் ரூமைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவை வழித்தாள்.

பதிவு வந்தது. சீசனும் வந்தது. கரூர்க்காரர் போன் பண்ணினார்.

"வழக்கம் போல அந்தக் கோபுர ரூம்தானுங்க?"

"அது இல்லீங்க. மாடி ரூம் இருக்கு. கோபுர ரூம்ல ஒரு குடும்பம் தங்கியிருக்கு."

"நாங்கதான் முன்னாடியே சொல்லியிருந்தோமே? எந்த ஊர்க்காரங்க அவங்க?"

"உள்ளூர்தான்."

"எப்ப காலி பண்ணுவாங்க?"

முன் அறையை எட்டிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்திருந்தாள். வீதியில் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. கையும் காலும் நாலு பக்கம் போட்டு, எதிலும் இடிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்க காலி பண்ற மாதிரி தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் போகாமல் கதவைச் சாத்தினேன்.