ஏழாவது விமானத்தின் கையெழுத்து

விமான நிலையத்தில் அவளுக்கு பெல்ட் அக்கா என்றுதான் பெயர். பயணிகளின் பெட்டிகளை விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றும் பெல்ட் வண்டியைப் பதினேழு வருடமாக ஓட்டுகிறாள். விமானத்தின் மேல் உரசாமல் ஒரு சாண் இடைவெளியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இத்தனைக்கும் ஒரு நாள்கூட விமானத்தில் ஏறி உட்கார்ந்ததில்லை. கேட்டால், நாம ஏத்தி விடறவங்க, ஏறிப் போறவங்க இல்ல என்று சிரிப்பாள்.

சங்கம் என்றாலே அவளுக்கு ஆகாது. பெட்டி டிராலிகளை இழுக்கும் டிராக்டர்காரர் சங்கத்து ஆள். சாப்பாட்டு நேரத்தில் உறுப்பினர் படிவத்தை நீட்டுவார். அவள் அதை விரித்து, அதன்மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிடுவாள். நம் வேலையை நாம் ஒழுங்காகப் பார்த்தால் யார் நம்மை என்ன செய்துவிட முடியும் என்பது அவள் கட்சி.

அந்த ஒழுங்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு விமானம் வரும்போதும் வண்டியின் பிரேக்கைச் சோதித்துவிட்டு, தாளில் அந்த விமானத்துக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். விமானம் நிற்பதே முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் பெட்டிகளை இறக்குவதா, ஏற்றுவதா, பேனாவைத் தேடுவதா? அதனால் எல்லோரும் அன்றைய ஏழு விமானங்களுக்கும் காலையிலேயே சேர்த்துப் போட்டுவிடுவார்கள். மேற்பார்வையாளரே ஒரு கையில் தேநீரும் மறுகையில் தாளுமாக வந்து நிற்பார். நல்ல மனுஷன் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மூன்று வாரமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே, உனக்கு மட்டும் ஏம்மா பிடிக்கல?" என்றார். வயது நாற்பத்தாறு ஆகிறது, கோளாறு தன் காலில்தானோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது. வீட்டுக்குப் போய் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு மூன்றாவது விமானம். வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். பின்னால், பெட்டி தூக்கும் நெட்டையன் டிராலியிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், அவளுக்குக் கூடப்பிறக்காத தம்பி. வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் உருண்டது. எஞ்சின் இரைச்சலில் அவன் அலறல் கேட்கவில்லை. அவன் வாய் திறந்திருப்பதைத்தான் பார்த்தாள். எப்படியோ தாவி ஏறி வண்டியை முன்னால் நகர்த்தினாள். முழங்காலுக்குக் கீழே அவன் கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"அக்கா, பிரேக் போட்டுட்டுத்தானே இறங்குனீங்க?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள்.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பத்தாவது நிமிடம் அடுத்த விமானம் வந்தது. வேறு வண்டியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள்.

மதியம் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் காலைத் தாள் இருந்தது. பிரேக் சரியாக இருப்பதாக அவள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றார் மேலாளர். மூன்று வாரமாகச் சொன்னேனே என்று அவள் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். காலையில் தேநீரோடு வந்து கையெழுத்து வாங்கிய அதே மனுஷன்.

அவள் தாளில் விரலை வைத்தாள். "சார், ஏழாவது விமானம் சாயங்காலம் ஆறே முக்காலுக்குத்தான் வரும். அதுக்கும் என் கையெழுத்து இருக்கு பாருங்க. காலையிலயே மொத்தமா வாங்கிடுவாரு சார்."

உண்மையைச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தாள், பைத்தியக்காரி. மேலாளர் நிதானமாகக் குறித்துக்கொண்டார். அப்படியானால் பொய்ப் பதிவு, அதையும் அவளே ஒப்புக்கொண்டாயிற்று, வேலையை விட்டு நீக்க அதுவே போதும் என்றார். பிறகு இன்னொரு தாளை நகர்த்தினார். நெட்டையன் நிற்கக் கூடாத இடத்தில் கவனக்குறைவாக நின்றான் என்று ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவன் இன்னும் அறுவை சிகிச்சை மேசையில் கிடக்கிறான்! கையெழுத்துப் போட்டால் அவளுக்கு எச்சரிக்கையோடு போய்விடும். அவனுக்குச் சிகிச்சைச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது. நாளைக் காலை வரை நேரம் கொடுத்தார்கள்.

பேயறைந்தவள் போல ஓய்வறைக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம், அதே வண்டியை நாளுக்கொருவராக முறைபோட்டு ஓட்டும் மற்ற ஐந்து பேரும், டிராக்டர்காரரும் இருந்தார்கள். தன்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மூத்த ஓட்டுநர் மெல்லச் சொன்னார்: "நான் போன மாசமே சொன்னேன். மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னாரு."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு" என்றான் இன்னொருவன்.

சொல்லி வைத்தாற்போல அதே வார்த்தை, ஐந்து பேரிடமும். ஒருவன் கண்ணில் கோளாறோ என்று பயந்து கண்ணாடிகூட மாற்றியிருந்தான்.

நாளைக்கு அந்த அறைக்குத் தனியாகத்தான் போக வேண்டுமா என்று டிராக்டர்காரரிடம் கேட்டாள். உறுப்பினராக இருந்தால் சங்கத்து ஆள் கூட வரலாம், பிரேக்கைப் பற்றி அவரிடம் சொன்னதை ஆறு பேரும் எழுதிக் கொடுத்தால் அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச்சே என்றார் அவர். ஆறு படிவம் கேட்டாள். எல்லோரும் குனிந்து நிரப்பினார்கள். தன்னுடையதில் பெயரை எழுதப் போனவள் பாதியில் நிறுத்தினாள்.

"மூணு வாரமா இந்த ரூம்லதான் ஒண்ணா சாப்பிட்டோம்" என்றாள். "ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லவே இல்லையே."