மாரியம்மாளின் இனிஷியல்

ஒரு திங்கட்கிழமை காலை, ஷிப்ட் மணி அடித்த பிறகு, மாரியம்மாள் கைரேகை மிஷினில் விரலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சண்டை ஒன்றும் போடவில்லை. மிஷினைத் தாண்டிப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, பெட்டிகளில் குச்சி அடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையின் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவதுதான் என் வேலை. விரல் வைக்காதவர் வராதவர். ஆனால் அவர் என் கண் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். ஆப்சென்ட் போடுவதா, வேண்டாமா என்று புரியாமல் மத்தியானம் வரை இருந்துவிட்டு, ஆப்சென்ட் போட்டேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டு, விரல் வைக்கவில்லை என்றால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார்.

நடந்தது இதுதான். அடைப்புப் பிரிவில் இரண்டு மாரியம்மாள்கள். ஒருவர் அப்பா சங்கிலி, இன்னொருவர் அப்பா சுடலை. இரண்டு பேருக்கும் இனிஷியல் எஸ்தான். மஸ்டர் ரோல் என்ற வருகை நோட்டு இருந்த காலத்தில் ஆளைப் பார்த்து டிக் அடித்துவிடுவேன். மிஷின் வந்தபோது எல்லார் பெயரையும் இங்கிலீஷில் டைப் செய்ய வேண்டியிருந்தது. இருவரையும் பிரித்துக் காட்ட, பெண்கள் தங்களுக்குள் கூப்பிடும் கருப்பு மாரி, செவத்த மாரி என்பதையே எடுத்துக்கொண்டேன். ஒருவர் கே. மாரி, மற்றவர் எஸ். மாரி. ஐந்து நிமிட வேலை. அதன்பின் மறந்தே போனேன்.

விரல் வைத்தால் மிஷினின் சின்னத் திரையில் பெயர் வரும். லேபிள் பிரிவுப் பெண் ஒருத்தி அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். சங்கிலி மகள் மாரியம்மாள் என்னிடம் வந்து கேட்டார்.

"எங்க அய்யா பேரு சங்கிலி. கே எங்கன இருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது" என்றேன்.

அப்படி ஒரு பொய்யை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தவறு செய்ததாக அப்போது நான் நினைக்கவும் இல்லை. இரண்டே நாளில் யாரோ அவரிடம் சிரித்துக்கொண்டே, கே என்றால் கருப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் அவர் விரல் வைக்க மறுத்தது.

முதலாளி சொன்னதைச் சொல்ல அவர் இடத்துக்கே போனேன். அதை விட்டுவிட்டு, எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், நீயும் திரும்பிப் பார்க்கிறாயே என்றுதான் கேட்டேன்.

கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். "அவிய கூப்பிடுதது வேற. அவியளையும் நான் பட்டப்பேரு வச்சுத்தான் கூப்பிடுதேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டீங்க. உங்களுக்கும் இங்கன ஒரு பேரு இருக்கு அண்ணாச்சி. அதை யாராவது எழுதுனாங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்ன பெயர் என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அவர்கள் மத்தியில் நான் யாராக நடமாடினேன் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

சாயங்காலம் அவரை ஆபீசுக்கு வரச்சொல்லி, நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. "எப்படி எழுதணும், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவரை நான் "நீங்க" என்றது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே கூச்சமாக இருந்தது. பிறந்த ஊரையும் சேர்த்துப் போடச் சொன்னார். ஊர் எப்போதும்வென்றான். திரையில் அவ்வளவும் கொள்ளாது என்பதால் இ.எஸ். மாரியம்மாள் என்று டைப் செய்து காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, விரலை வைத்தார்.

முதலாளியிடம் தவறு என்னுடையது என்று சொல்லி, மூன்று நாள் ஆப்சென்டையும் மாற்றினேன். "எல்லாம் மாரிதானே, இதுக்குப் போயா?" என்றார். ஒரு வாரம் முன்னால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் இன்னொரு மாரியம்மாள், இடைசெவல்காரர், வந்து நின்றார். "அண்ணாச்சி, எனக்குப் போட்டிருக்க எஸ்ஸு எங்க அய்யாவுக்கா, செவத்ததுக்கா?"

நான் போட்டது செவத்ததுக்கு. ஆனால் அவர் அப்பா சுடலைக்கும் எஸ்தானே. "உங்க அய்யாவுக்குத்தான்" என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டார். அன்றைக்குச் சொன்னது பொய்தான். ஆனால் அவர் அதை அப்பா பெயராக ஏற்றுக்கொண்டு போன பிறகு, அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்வது நானா, அவரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவர் பக்கமும் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்து, டைப் செய்ததை வாய்விட்டுப் படித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகே பதிந்தேன். வரிசை நீண்டது, முதலாளி முணுமுணுத்தார். எனக்கு இருந்த குழப்பத்துக்கு வேறு வழி தெரியவில்லை.