பாட்டு ரசிகர்களோடு இரண்டு நாள்: இரத்தினபுரியிலிருந்து ரம்புக்கனை வரை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பயணம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் பழைய பாட்டு ரசிகர் குழுவில் வர முடியாமல் போனவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல், வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் நின்றேன். எங்கள் தோட்டம் கரவனெல்லைக்குப் பக்கத்தில் உள்ள இறப்பர்த் தோட்டம். பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார், நாங்கள் அவரவர் நம்பரைச் சொல்வோம். நான் நூற்றுப் பதினேழு. இருபத்திரண்டு வருடமாக நாலு பேர் முன்னால் நான் சத்தமாகச் சொல்வது அது ஒன்றுதான். அன்றைக்கு மரங்களில் பால் வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பதினொன்றரைக்கு பஸ் ஏறினேன்.

அவிசாவளையில் இறங்கி இரத்தினபுரி பஸ். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நூற்று அறுபது ரூபாய். "அக்கே, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று, முன்னுக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தி, கண்டக்டர் தள்ளிக்கொண்டே இருந்தார். இடமே கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன்.

இரண்டரை மணிக்கு பஸ் நிலையத்தில் ரிஸானாவும் சாந்தியும் காத்திருந்தார்கள். ரிஸானாவுக்கு இரத்தினபுரியில் துணிக்கடை. சாந்தி ரம்புக்கனையில் தையல் வேலை செய்கிறாள். ஐந்து வருடமாகப் போனில் பாட்டுப் பேசிப் பழகியவர்கள் நாங்கள்.

குழுவின் ஒன்றுகூடல் நடந்த மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் பெயர், ஊர், பிடித்த பாட்டு சொல்ல வேண்டுமாம். மைக் எனக்கு முன் வரிசைக்கு வந்ததும் நான் எழுந்து வெளியே குழாயடிக்குப் போனேன். மைக் கடைசி வரிசையைத் தாண்டிய பிறகுதான் திரும்பினேன்.

மாலையில் ரிஸானா வீட்டில் விருந்து. வட்டிலப்பம் வயிற்றுக்குள் போகும் முன்னே சாந்தி ஆரம்பித்தாள்.

"ஏன்டி, தண்ணி குடிக்கப் போனியா, கெணறு வெட்டப் போனியா?"

"உடுங்க சாந்தி, பாவம்" என்றாள் ரிஸானா. "நாளைக்கு ரம்புக்கனையில பாட்டுப் போட்டி இருக்கு. இவட பேர நான் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க? நான் வரல."

"போன்ல பாட்டு போட்டா, பாட முன்னுக்கே எந்தப் பாட்டுன்னு சொல்லுவ. அதத்தான் அங்க சொல்லணும். நாளைக்கும் ஓடினா இனிமே எனக்கு போன் எடுக்காத" என்றாள் சாந்தி. அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். வழியில் கரவனெல்லை வந்தது. இறங்கினால் அரை மணியில் வீடு. நான் பையைத் தேடினேன். அது சாந்தியின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கேகாலையில் பஸ் மாறி, ரம்புக்கனை போய்ச் சேரும்போது பதினொன்றேகால்.

போட்டி நடந்த மண்டபம் ரயில் நிலையத்துக்குக் கிட்ட. கண்டி ரயில் ஏற்றத்தில் புறப்படும்போதெல்லாம் மேடைப் பேச்சு கேட்காது. என்னைக் கூப்பிடும்போதும் ஒரு ரயில் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை.

"கரவனெல்ல, செல்வமணி!"

எழுந்து நின்றேன்.

"நூத்திப் பதினேழு!"

கொழும்பிலிருந்து வந்த அறிவிப்பாளர், "இது என்ன, லொத்தர் சீட்டு நம்பரா?" என்று கேட்டார். பின் வரிசையிலிருந்து ஒருவர், "பேர் போட்டாச்சி, மலைக்கு ஏறுங்க அக்கா!" என்று பெரட்டில் கணக்கப்பிள்ளை வேலைக்கு அனுப்புவதுபோலக் கத்தினார். அவ்வளவுதான், தோட்டத்து ஆட்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு அம்மா எழுந்து, "எனக்கு அறுவத்திநாலு!" என்றார். இன்னொருவர் முப்பது என்றார். நாலு பக்கமும் நம்பர் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு மேடை ஏறி, "பேரு செல்வமணிங்க" என்றேன்.

பத்துப் பாட்டின் ஆரம்ப இசையைப் போட்டார்கள். எட்டைச் சொன்னேன். இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்க். பிறகு எல்லாரும் ஆடினார்கள். ரிஸானா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினாள். நானும் கொஞ்சம் ஆடினேன்.

ஐந்து மணிக்குச் சாந்தி பஸ் வரை வந்தாள். "போன் எடு" என்றாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நான் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பேன். ஒரே சுவர்தான், ஆனாலும் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்கும் தெரியாது. இங்கே அத்தனை பேரும் ஒரே வரியை ஒன்றாக முணுமுணுத்ததைப் பார்த்தேன். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள், நம்பரைச் சொன்னேன். மழை வந்ததால் பால் வெட்டவில்லை. பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டுச் சாந்திக்கு போன் எடுத்தேன்.