பதினொரு கிணற்றுத் தண்ணீர்

உதயகலா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுடைய உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் கையை மறைத்துக்கொண்டு நின்றாள். முதலாளி தேவமலர் அதைக் கவனித்துவிட்டார். ரசாயனம் கலக்குகிற தடியை வாங்கிக்கொண்டு, "எனக்குத் தோள்மூட்டுப் பிடிச்சுப்போய்க் கிடக்கு. நான் கலக்கினாத்தான் சுகம் பிள்ளை. நீ லேபிளை ஒட்டு," என்றார். அவருக்குத் தோளில் ஒரு நோவும் இல்லை என்பது உதயகலாவுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கொழும்புத்துறையில் தேவமலருடைய வீட்டுக் கொட்டிலில் பாத்திரம் கழுவும் திரவம் செய்தார்கள். தேவமலரும் நான்கு பெண்களும்தான். உதயகலா புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். செய்வதில் முக்கால்வாசி ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனது. ஒருநாள் அங்கிருந்து கடிதம் வந்தது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதலான ரசாயனம் சேர்ந்த சாமான்களை இனி எடுக்கமாட்டார்களாம். மாத முடிவுக்குள் புதிய மாதிரி அனுப்பவேண்டும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தில் செய்கிற முறை ஒன்றையும் எழுதி வைத்திருந்தார்கள்.

மாதிரி சரிவராவிட்டால் கொட்டிலை மூடவேண்டியதுதான். பெண்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். தேவமலருக்கோ பயத்தைவிட ஆவல் கூட.

"இவ்வளவு நாளும் கழுவின தண்ணி வாழையடிக்குப் போய் என்ன செய்யுதெண்டு நாங்கள் யோசிக்கவே இல்லையே, கலா!"

கடிதத்தில் சொன்னபடி செய்து கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். நுரைக்கவில்லை, தயிர்போலத் திரைந்தது. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் விட்டார்கள். பொங்கி வழிந்தது.

"பிழை சவர்க்காரத்திலை இல்லை. எங்கடை தண்ணியிலை சுண்ணாம்பு," என்றார் தேவமலர். "ஆனா எல்லாக் கிணறும் ஒரே மாதிரியே? அதைப் பாக்கவேணும்."

ஊர்த் தேவாலயத்தில் பூசைக்கு வரும் பதினொரு வீட்டாரிடம், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரவர் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொன்னார். வாசலில் நின்று வாங்கி வைக்க உதயகலாவை அழைத்தார். அவள் சைவப் பிள்ளை, கிறிஸ்தவக் கோயில் நடைமுறை தெரியாது. வாசலில் வைத்தால் கால் தட்டும் என்று, போத்தல்களைப் பீடத்துக்கு முன்னால் இருந்த படியில் நிரையாக அடுக்கிவிட்டாள்.

பூசை முடிய, பங்குக் குரு அடைக்கலநாதன் சுவாமி போத்தல்களுக்கு முன்னால் நின்று செபம் சொல்லிக் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

தேவமலர் ஓடிப்போனார். "ஐயோ சுவாமி, அது சட்டி கழுவுற தண்ணி!"

"தீர்த்தத்துக்கெண்டெல்லே நினைச்சன். நீங்கள் முதலே சொல்லவேணும்."

அதற்குள் செபமாலையம்மா தன் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மந்திரிச்ச தண்ணியிலை மீன்சட்டி கழுவப்போறியே மலர்? பாவம் சூழும்!" மற்றவர்களும் போத்தல்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உதயகலா அழுதாள். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

"ஏன் அழுறாய்? கர்த்தர் எங்களை நடந்து போகச் சொல்லுறார்," என்றார் தேவமலர்.

அடுத்த நாளே நடந்தார்கள். பூந்திக்கொட்டையை அவித்து வடித்த சாறு சுண்ணாம்புத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைச் சவர்க்காரத்தோடு கூட்டியும் குறைத்தும் நான்கு விதமாகக் கலந்து கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றில் அள்ளி, அந்த வீட்டின் ஊத்தைப் பாத்திரத்தையே கேட்டு வாங்கிக் கழுவிப் பார்த்தார்கள். செபமாலையம்மா வேண்டுமென்றே மீன் பொரித்த தாச்சியை நீட்டினார்.

"உது போகுமெண்டா நான் ஒத்துக்கொள்ளுறன்."

மூன்று கலவையும் எண்ணெயை இழுவிவிட்டதோடு சரி. நான்காவதில் தாச்சி பளிச்சென்றது. அம்மா மோந்து பார்த்தார். "மீன் மணமும் இல்லையடி! எனக்கு ஒரு போத்தல் வைச்சிட்டுப் போ."

பதினொரு கிணற்றிலும் நுரைத்தது அந்த நான்காவது கலவைதான். சோதித்துப் பார்க்கக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலும் வைத்து மாதிரியை அனுப்பினார்கள். மாதிரி தேறியது. கொட்டில் மூடப்படவில்லை. அதன்பிறகு கலக்கிற தடியை உதயகலாவே பிடித்தாள். கை உரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் புருஷனுக்கு வவுனியாவில் வேலை கிடைத்தது. பஸ் நிலையம் வரை தேவமலர் வந்தார். இருவரும் கண்டுகொண்டது அதுதான் கடைசி. பஸ் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போனவுடனை அங்கத்தைக் கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் குடுத்துவிடு பிள்ளை. நுரைக்குதோ எண்டு பாக்கவேணும். வழியிலை ஒரு கோயிலுக்கையும் கொண்டுபோய் வைச்சிடாதை."