மதினி சாயும் பக்கம்

என் நடனப் பையில் நீலக்கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று எப்போதும் மடித்திருக்கும். அண்ணனுக்கு எடுத்த சட்டை. போட்டுத் தேய்த்ததென்னவோ மதினி. தேனிப் பக்கம் எங்கள் ஊரான தேவாரத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் இப்படி ஒரு ஆண்சட்டையை மாட்டிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுவார்கள்.

ஜீப்பில் அவர்களுக்கு ஒரு பழக்கம். கொண்டை ஊசி வளைவு வந்ததும், யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் மலைப்பக்கம் சாய்வார்கள். இவர்கள் சாய்வதாலா வண்டி தப்பிக்கப்போகிறது? ஆனாலும் சாய்வார்கள். ஒரு மழைநாள் எல்லோரும் சாய்ந்தும் ஜீப் கவிழ்ந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை. மதினிக்குத்தான் இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவர் உடம்பு அந்த வளைவிலேயே கிடந்தது. தேனிக்குப் போகும் பஸ்ஸில், சமதளச் சாலையில், சின்னத் திருப்பத்துக்கே பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்துவிடுவார். பஸ்ஸே சிரிக்கும். மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழுந்து பிழைத்த ஒரு உடம்பைப் பார்த்து என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

நான் அப்போதுதான் சென்னையில் நவீன நடனம் படித்துவிட்டு ஊர் திரும்பி, பயத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். மதினியின் அந்தச் சாய்வை அதில் வைக்கட்டுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“நீ ஏன் ஆடணும்? நானே ஆடுறேன்த்தா,” என்றார். “பஸ்ஸுல போற போக்குல சிரிச்சுட்டுப் போறாக. மேடையில ஏறிட்டா, உக்காந்து பாத்துத்தானே ஆகணும்?”

அண்ணன் குதித்தான். “இந்த இடுப்ப வச்சுக்கிட்டு மேடையேறி ஊரு சிரிக்கணுமாக்கும்!”

“ஊருதான் ஏற்கெனவே சிரிச்சிருச்சே. இனி என்ன மிச்சம்?” என்றார் மதினி, குழம்பைக் கிண்டியபடியே.

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி நடந்தது. பாட்டு கிடையாது, ஜீப் இன்ஜினின் உறுமல் மட்டும். மதினி இந்தச் சட்டையோடு வெறும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். உறுமல் ஏறியதும் சாய்ந்தார். முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மதினியின் கை நடுங்கியது. அந்தக் கையை அவர் மறைக்கவில்லை, தூக்கிக் காட்டினார். சிரித்தவரை நேராகப் பார்த்தபடி இன்னும் ஆழமாக, பெஞ்சிலிருந்து விழுந்துவிடுவாரோ என்று நான் பதறும் அளவுக்குச் சாய்ந்தார். பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. தேவாரத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அதே பக்கம் சாய்ந்திருந்தார்கள். அதன்பிறகு அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று நான் அழுதேன்.

மதினி மறுபடி மலையேறப் போனபோது இந்தச் சட்டையை என்னிடம் தந்துவிட்டார். “இது விழுந்த சட்டை. நீ போட்டு ஆடு. நான் புதுசு எடுத்துக்கிறேன்.” இன்று எந்த ஊர் மேடையில் இதை மாட்டினாலும் என் இடுப்பு மலைப்பக்கத்தைத் தேடுகிறது.

போன வாரம் இருவரும் தேனி பஸ்ஸில் போனோம். மதினியின் உடம்பு இன்னும் சாயத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அவர் முந்தானையைக் கடிப்பதில்லை. திருப்பம் வருவதற்கு முன்பே பக்கத்து சீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொல்லிவிடுகிறார்:

“நல்லா புடிச்சு உக்காருங்க. நான் சாயப்போறேன்.”