கோதண்டம் அண்ணன் மிதித்த பிரேக்

பூந்தமல்லியில் ஆம்புலன்ஸை நிறுத்தி ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது செல்வத்தின் அழைப்பு வந்தது. அவர் அம்பத்தூரில் அமரர் ஊர்தி ஓட்டுபவர். "அக்கா, அண்ணாத்தே போய்ட்டாருக்கா. வண்டிய கழுவினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சினு அப்டியே ஒக்காந்துட்டாரு" என்றார். எங்கள் எல்லோருக்கும் அண்ணாத்தே என்றால் ஒருவர்தான். திருமுல்லைவாயில் கோதண்டம் அவர்கள்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. என்னால்தானே அவர் ஆம்புலன்ஸை விட்டு அமரர் ஊர்தி ஓட்டப் போனார் என்றுதான் தோன்றியது. அவரை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து வந்து ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு இந்தப் பக்கத்துச் சாலை ஒன்றும் தெரியாது. அண்ணன் அதற்குப் பல வருடம் முன்பே ஆம்புலன்ஸ் ஓட்டத் தொடங்கியவர். திருமுல்லைவாயிலில் பயிர் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் வீட்டுமனை ஆனபிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். லாரிக்காரர்களைக் கண்டபடி திட்டுவார். திட்டி முடித்ததும் பின்னால் இருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்களிடம், "உங்கள இல்லம்மா, அவன சொன்னேன்" என்பார். நான் நரம்பில் ஊசி ஏற்றும்போது மட்டும் குரல் மாறிவிடும். "சிஸ்டர், முன்னாடி பள்ளம் கீது. ஊசிய எட்துக்கோ" என்று முன்கூட்டியே சொல்வார். ஒருநாளும் சொல்லத் தவறியதில்லை.

ஒருநாள் மட்டும் சொல்ல நேரமில்லாமல் போனது. நசரத்பேட்டையில் மயங்கி விழுந்த ஒருவரை ஏற்றி வந்துகொண்டிருந்தோம். அவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வழி செய்துவிட்டு, உருவிய ஊசியைப் பாதுகாப்பு டப்பாவில் போடப் போனேன். பக்கத்துச் சந்திலிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளோடு நேராகச் சாலைக்கு வந்துவிட்டாள். அண்ணன் பிரேக்கை முழுசாக மிதித்தார். அந்தப் பெண் தப்பித்தாள். ஊசி கையுறையைத் துளைத்து என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது.

நோயாளியின் மனைவி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவருக்கு எச்.ஐ.வி.க்கு மாத்திரை ஓடுதும்மா. ஏறும்போதே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடும்மா." அவர் மன்னிப்புக் கேட்டார். முன்னாலிருந்து அண்ணன், "சிஸ்டர், குத்திச்சா? சொல்லும்மா, குத்திச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். குத்தியது என்று சொன்னேன்.

மருத்துவமனைக்குப் போனதும் சோப்புப் போட்டு விரலை ஓடும் தண்ணீரில் கழுவினேன். நோயாளி ஒழுங்காக மருந்து எடுப்பவர், ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் தாமதிக்கக் கூடாது என்று சொல்லி, டாக்டர் அப்போதே மாத்திரையைத் தொடங்கினார். ஒரு மாதம் தினமும் விழுங்க வேண்டும். பிறகு சில மாதம் இரத்தப் பரிசோதனை. அண்ணன் அறை வாசலிலேயே நின்றார். நான் வெளியே வந்ததும், "என் கால வெட்டிப் போடணும்" என்றார்.

மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பணி முடிந்து அண்ணன் காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார். "அம்சா குட்த்துச்சி" என்று மோர்க்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ நீட்டுவார். அம்சா அவருடைய மனைவி. அப்போது நான் அவரைப் பார்த்ததில்லை.

என் கணவர் படித்தவர், நல்லவர். ஆனாலும் அந்த வாரங்களில் குழந்தையை அழைத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தார். என் தட்டு தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டார். என் கணவரை உட்காரவைத்துப் பேசினார்.

"தம்பி, இது ஒண்ணா சாப்ட்டா வராது, கொழந்தைய தூக்குனா வராது. டாக்டராண்ட கேட்டுகினுதான் வந்தேன். ஊசி தானா குத்தல. நான் அட்ச்ச பிரேக்ல குத்திச்சி. கோவம் இருந்தா என்மேல காட்டு. சிஸ்டர் இன்னா பண்ணும், பாவம்."

மறுநாள் என் தட்டு மற்ற தட்டுகளோடு சேர்ந்திருந்தது.

என் வீட்டைச் சரிசெய்தவருக்குத் தன் காலைச் சரிசெய்ய முடியவில்லை. அண்ணன் மெதுவாக ஓட்டத் தொடங்கினார். காலியான சாலையிலும் பிரேக்கின்மேலேயே கால் இருக்கும். நெஞ்சுவலிக்காரர் ஒருவரைக் கொண்டுபோனபோது, அவருடைய மகன் கம்பியைத் தட்டி, "யோவ், ஆம்புலன்ஸா ஓட்ற, மாட்டுவண்டியா?" என்று கத்தினான். நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அண்ணன் இறங்கும்போது சட்டை முழுக்க வியர்வை. அந்த வாரமே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அமரர் ஊர்திக்கு மாறிவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். "அதுல வர்றவங்கள நான் இன்னொரு வாட்டி ஒண்ணும் பண்ணிட முடியாது சிஸ்டர்" என்றார்.

கடைசிப் பரிசோதனையிலும் தொற்று இல்லை என்று வந்ததும், அம்பத்தூரில் அவர்கள் வண்டி நிறுத்துமிடத்துக்கு நேரே போனேன். சொன்னேன். அண்ணன் வண்டியின் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "இனிமே ஆம்புலன்ஸுக்கு வந்துடுங்கண்ணா. நீங்க பிரேக் அடிக்கலன்னா அந்தப் பொண்ணு இருந்திருக்க மாட்டா" என்றேன்.

"தெரியும்மா. அந்தப் பொண்ணும் நல்லா கீது, நீயும் நல்லா கீற. மனசுக்குத் தெரிது. காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

நான் ஒருமுறைதான் கேட்டேன். மறுபடி கேட்டிருக்கலாம். பயம் நீங்கிய சந்தோஷத்தில் நான் என் வேலைக்கும் என் குழந்தைக்கும் திரும்பிவிட்டேன். எங்கேனும் சாலையில் எதிர்ப்படும்போது கை தூக்குவார், நானும் தூக்குவேன். அந்த வண்டி வேலை அவருடைய வீட்டை என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

அதை அம்சா அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திருமுல்லைவாயில் வீட்டில், அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று செல்வம் சொன்னதும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். "பொணவண்டி ஓட்றவருன்னு கிரகப்பிரவேசத்துக்குக்கூடக் கூப்புட மாட்டாங்கம்மா. எங்க பொண்ண பாக்க வந்த மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எழுந்து போனாங்க. விட்டுட்டு வாயான்னா கேக்க மாட்டாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவர் என் இடது கையை எடுத்து மடியில் வைத்து, ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். "இந்த வெரலா?"

"ஆமாக்கா."

"ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். "ஒரு தழும்புகூட இல்ல."

அப்போதுதான் அழுதேன். அவர் என் விரலை விடவில்லை.

மதியத்துக்குமேல் எடுத்தார்கள். ஊர்தியைச் செல்வம் ஓட்டினார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். சாமந்திப் பூக்கள் வழியெல்லாம் சிதற வண்டி ரயில் நிலையச் சாலைக்குத் திரும்பியது. ஒருவர் இருவராகக் கூட்டம் கலைந்தது. அம்சா அவர்களின் கையைப் பிடித்தபடி நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அண்ணா, போய் வாருங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.