ஆள்களோடு வரும் அண்ணன்

அட்டுவம்பட்டியில் ராஜகுமாரி அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளி விடுதி ஒன்றில் சமையல் வேலை. புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் பேசுவதும் அவள்தான். வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள். வேதத்தில் வரும் குடும்பங்களை அவள் பிரித்து மேய்கிற அழகே தனி.

"ஆபிரகாம் உசிருக்குப் பயந்து பொஞ்சாதியத் தங்கச்சின்னு சொன்ன ஆளு. ரெபெக்காள் கட்டுன புருசனையே ஏமாத்துனவ. யாக்கோபு? கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சவன். ஒருத்தராச்சும் உருப்படியா இருந்தாகளா? ஆனாலும் கர்த்தர் குடுத்த வாக்க மாத்தல, பாத்துக்கங்க!" என்பாள். கூட்டம் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த வாரம் மட்டும் அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். டாக்சி ஓட்டும் தேவசகாயத்தை விரும்பிக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தாள். ஊரே அவளோடு பேச்சை நிறுத்தியது. அம்மா படுத்த படுக்கையான பிறகுதான் வீட்டுக்குள் விட்டார்கள். "ஒம் மகள அண்ணன் மகனுக்குத்தான் குடுக்கணும், சத்தியம் பண்ணு" என்று அம்மா கையை நீட்டினாள். அண்ணன் சின்னக்கருப்பன் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிழவி நிம்மதியாகப் போகட்டும் என்று ராஜகுமாரி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்யும்போதே அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது மகள் தாரணிக்குச் சபையிலேயே மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் முடிந்துவிட்டது. அண்ணனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. மலையில் எந்தச் சேதி ஒளிந்திருக்கும்? காய்கறி வண்டி ஓட்டும் ஆண்டிச்சாமி ஒரு நாள் வாசலில் வண்டியை நிறுத்தினான். "ஒங்கண்ணன் சொல்லச் சொன்னாருக்கா. சனிக்கெழம ஆளுகளோட வாராராம்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. போய்விட்டான்.

நானூறு பேரோடு அண்ணன் ஏசா வருகிறான் என்றதும் யாக்கோபு பதறிய பதற்றத்தைக் கூட்டத்தில் நடித்தே காட்டியவள்தான் ராஜகுமாரி. தனக்கென்று வந்தபோது சோறு இறங்கவில்லை. கர்த்தர் வாக்கு மாறாதவர், சரி. நான் மாறிவிட்டேனே! சாகக் கிடந்தவள் கையில் அடித்துச் சொன்னதை மீறியவளுக்கு யார் துணை நிற்பார்கள்? முறைப்பெண்ணை ஜீப்பில் தூக்கிப்போய்த் தாலி கட்டினான் ஒருவன் என்று சின்ன வயதில் கேட்ட கதை வேறு சமயம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. முழங்கால் போட்டால், "அவரு வரக் கூடாது ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

சனிக்கிழமை வெள்ளனே கணவரை எழுப்பி, தாரணியை டாக்சியில் ஏற்றி, அய்யம்பாளையத்தில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். நீயும் வா என்று தேவசகாயம் கெஞ்சினார். "வீடு பூட்டிக் கெடந்தா தேடிக்கிட்டு வருவாக. நீங்க வெரசாப் போங்க" என்று தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். பிறகு கதவைத் தாழிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பனிக்குள்ளிருந்து இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. ஆம்பளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். ஒருவன் கையில் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அரிவாள் என்றே ராஜகுமாரி நினைத்தாள்.

"ஏத்தா ராசகுமாரி, கதவத் தொற!"

திறக்காமல் என்ன செய்வது? திறந்தாள். அண்ணன் கையில் ரோஜா மாலை. பின்னால் தட்டுத் தட்டாகப் பட்டுப் புடவை, வளையல், பழம், மலைப்பூண்டு. அரிவாள் என்று அவள் பயந்தது குத்துவிளக்கு. தாய்மாமன் சீர்! சீரை ஒற்றை ஆளாகவா தூக்கி வருவார்கள்? ஆள்களோடுதான் வருவார்கள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? பயத்தில் அதுகூடத் தோன்றவில்லை.

"பிள்ள எங்க? மொத மால மாமன் மாலையாத்தான் விழணும்" என்றார் சின்னக்கருப்பன்.

சீரைக் கண்ணால் பார்த்த பிறகும் அவளுக்கு மனசு தேறவில்லை. "திண்டுக்கல்லுக்கு... துணி எடுக்கப் போயிருக்காண்ணே" என்று வாய் தானாகப் பொய் சொன்னது.

அந்த நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்! எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டு, தாரணியின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"ம்மா! அவங்க வந்துட்டாங்களா? கத்தி கித்தி வச்சிருக்காங்களா? நீயே கூப்பிட்டாலும் வரக் கூடாதுன்னு சொல்லிட்ட, வர மாட்டேன். உசிரோட இருக்கியான்னு மட்டும் சொல்லும்மா!"

தட்டு ஏந்தியவர்கள் தரையைப் பார்த்தார்கள். ராஜகுமாரி போனை அணைத்தாள்.

"தூக்கிட்டுப் போயிருவேன்னு நெனச்சியாத்தா?" அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாண்ணே."

அவருக்குக் கோபம் வரவில்லை. "போன வாரம் வரைக்கும் எனக்கும் அந்த நெனப்புத்தான். ஜீப்புக்குச் சொன்னதே அதுக்குத்தான்" என்றார். தட்டோடு நின்ற மகன் குகனைக் காட்டினார். "இவந்தான் விடல. சாகப்போற அப்பத்தாவுக்காக அத்த சொன்ன சொல்லு அது, அத வச்சு என்னைய வேணாங்குற பிள்ளைய நான் கட்டணுமான்னு சோறு திங்காமக் கெடந்தான்."

ராஜகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் அவள் பயந்தது பொய்யில்லை. கெட்டது நிஜமாகவே கிளம்பியிருக்கிறது. அவளுக்குத் தெரியாமல், அவள் கேட்கக்கூடத் தோன்றாத விதத்தில், மலை மேலேயே அதை யாரோ திருப்பிவிட்டிருக்கிறார். 'இத்தனை வருசம் பேசினேனே, இதை நம்பினேனா நான்?' என்று அவளுக்கு அழுகை முட்டியது.

சின்னக்கருப்பன் மாலையை நாற்காலியில் வைத்தார். "பிள்ள அரண்டு போயிருக்கு. நாங்க கெளம்புறோம். ஏலே, சீர எறக்கி வச்சிட்டு வாங்கடா" என்று படி இறங்கினார்.

அவ்வளவு நேரமும் இல்லாத வேறொரு பயம் அப்போதுதான் அவளைப் பிடித்தது. ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்தாள். "போகாதீகண்ணே! திண்டுக்கல்லுன்னு பொய் சொன்னேன். பிள்ள அய்யம்பாளையத்துல இருக்கா."

ஒரு கையால் அவரைப் பிடித்தபடியே மறு கையால் மகளைக் கூப்பிட்டாள்.

"தாரணி, அப்பாவ வண்டி எடுக்கச் சொல்லு. வீட்டுக்கு வாங்க."

"ம்மா, அழுகுறியா? அவங்க சொல்லச் சொல்றாங்களா?"

"இல்லடி, நாந்தான் சொல்றேன். வெரசா வாடி, ஒம் மாமன் போயிருவாரு!"